உயிர்ச்சத்தும் அதன் போலியும்: எல்லாப்பிரகடா சுப்பாராவ்

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானபோதிலும், தம் ஆற்றல் முழுவதையும் உயிர்வேதியியல் ஆய்வுக்கே செலவிட்டவர். காந்தியின் அறைகூவலை ஏற்றுக் கதராடை அணிந்தது அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்காமற் போனதால், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் கீழான எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிடைத்தது. சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்த அவர், 1922இல் பாஸ்டன் சென்று சேர்ந்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து 1925இல் அவர் வெளியிட்ட முறை, இரத்தம், சிறுநீர் போன்றவற்றிலுள்ள பாஸ்பரஸை மாலிப்டேட்டுடன் வினைபுரியச் செய்து, அதனால் உண்டாகும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவிடுவதாகும். வெறும் அளவீட்டு உத்திதானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில், தசையின் ஆற்றல் இருப்பாகிய பாஸ்போகிரியாட்டினை 1927இலும், உயிரணுக்களின் ஆற்றலுக்கு ஆதாரமான ஏ.டி.பி. என்னும் சேர்மத்தை 1929இலும் அவ்விருவரும் பிரித்தறிய வழிசெய்தது இம்முறையே. அதே 1929இல் ஜெர்மனியின் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனித்துக் கண்டறிந்தார்.

1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரிலுள்ள லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்ற பின்னரே, அவருடைய பணி நோயாளியின் படுக்கையருகே வந்தது எனலாம். பம்பாயின் கருவுற்ற பெண்களிடையே கண்ட இரத்தசோகையை ஈஸ்ட் சாறு தணிப்பதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1931இலேயே எழுதியிருந்தார். அச்சாற்றில் இருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதனைச் செயற்கையாக உருவாக்குவதில் சுப்பாராவின் குழு 1945இல் வெற்றி கண்டது.

ஆயினும் வரலாற்றில் பெரிதாக நிற்பது, அந்த அமிலத்தைக் காட்டிலும் அதன் போலிகளே என்று கொள்ள இடமுண்டு. உயிரணு பெருகுவதற்கு டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ.வை ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். ஆகவே, அமைப்பில் அதனை ஒத்திருந்து, அதன் இடத்தைப் பற்றிக்கொண்டு, அதன் வேலையை மட்டும் செய்யாத மூலக்கூறுகள் உட்செல்லுமாயின், வேகமாகப் பெருகும் புற்றணுக்கள் தடைபடும். இத்தகைய அமினோப்டெரினை லெடர்லியிடமிருந்து பெற்று, கடும் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குப் பாஸ்டனில் கொடுத்துப் பார்த்த சிட்னி ஃபார்பர், அவர்களுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 ஜூனில் வெளியிட்டார். ஃபோலிக் அமிலச் சேர்மங்களை முன்னர் அளித்தபோது நோய் விரைந்ததாக அவர் கண்டதே, எதிர்ப்பொருளை நாட அவரைத் தூண்டியது. தணிவு நிலைக்கவில்லை என்பது உண்மையே. எனினும், மருந்தால் இந்நோயை அசைக்க இயலும் என்பதற்கு அதற்கு முன் இத்தகைய சான்று இருந்ததில்லை.

யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ராசான், அதாவது டை எத்தில் கார்பமசின், சுப்பாராவின் ஆய்வுக்குழுவின் மற்றொரு கொடை. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் நோய் பரவிய மாவட்டங்களில் வழங்கப்பட்ட மாத்திரை அதுவே. பெஞ்சமின் டக்கர் கண்ட ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அவரது தலைமையின்கீழ் நடந்த ஆய்வின் பயனாகும். 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றளவும் வழங்கப்பட்டு வருகிறது.