கணினிகளின் முகவரி தேடிய வரலாறு

பெயர் என்பது ஒன்று. இருப்பிடம் என்பது மற்றொன்று. அவ்விருப்பிடத்தை அடையும் வழி என்பது பிறிதொன்று. அன்றாட வாழ்வில் இம்மூன்றையும் நாம் கலந்தே பேசுகிறோம். அதனால் பெரிய குறை ஒன்றும் நேர்வதில்லை. ஆனால், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க முயன்ற அறிஞர்கள் இவற்றைப் பிரித்து உணர வேண்டியவராயினர். ஜான் ஷாக் என்பார் 1978ஆம் ஆண்டில் எழுதிய சிறு குறிப்பொன்றில் இவ்வேற்றுமையைத் தெளிவாக வரையறுத்தார். ஒரு கணினியின் பெயரை அறிந்தவன் அதன் முகவரியை எவ்வாறு கண்டறிகிறான்? அந்த விடையை அவன் எதனால் நம்புகிறான்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் எழுந்த ஆர்ப்பாநெட் என்னும் இணைப்பில் முதற்செய்தி சென்றது 1969ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாளாகும். அவ்வாண்டின் இறுதியில் இணைந்திருந்த நிலையங்கள் நான்கே. நான்கு வீடுள்ள தெருவில் வீட்டெண் கேட்பார் யார்? பின்னர் நிலையங்கள் பெருகின. ஒவ்வொரு நிலையத்தாரும் தமக்கெனத் தனியே ஒரு பெயர்ப்பட்டியல் எழுதி வைத்துக்கொண்டனர். ஓரிடத்தில் ஒரு பெயரால் வழங்கிய கணினி மற்றோரிடத்தில் வேறு பெயரால் வழங்கியது. பீட்டர் டாய்ட்ஷ் என்பார் 1973 டிசம்பரில் இக்குழப்பத்தை எடுத்துக்காட்டி, எல்லார்க்கும் பொதுவான பட்டியல் ஒன்று வேண்டுமென எழுதினார். அடுத்த திங்களிலேயே, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தின் தகவல் நிலையம் அப்பொறுப்பை ஏற்க முன்வந்தது.

அந்நிலையத்தை நடத்திய அம்மையாரைப் பற்றி நம்மவர் அறிந்திருப்பது குறைவே. எலிசபெத் பெயின்லர் என்பது அவர்தம் பெயர். நண்பர்கள் 'ஜேக்' என்றழைத்தனர். வேதியியல் பயின்று, செய்திகளைத் தொகுத்து வகைப்படுத்தும் பணியில் தேர்ந்தவர். 'மவுஸ்' கருவியைக் கண்ட டக்ளஸ் எங்கல்பர்ட் அவர்களின் குழுவில் 1972இல் சேர்ந்தார். 1989 வரை தகவல் நிலையத்தின் பணி அவர் வழிநின்றே நடந்தது. புதிய கணினி ஒன்றை இணைக்க விரும்புவோர் அந்நிலையத்திற்கு எழுதுவர்; அல்லது தொலைபேசியில் அழைப்பர். கேட்ட பெயர் வேறெவர்க்கும் இல்லையெனக் கண்டபின், பெயரும் எண்ணும் பட்டியலில் ஏறும். 'ஹோஸ்ட்ஸ்' என்னும் அப்பட்டியல் வாரத்திற்கு ஓரிரு முறை புதுப்பிக்கப்படும். எல்லாக் கணினிகளும் அதனைப் படியெடுத்துக்கொள்ளும். நிகண்டு தொகுத்தோரையும் ஏடு ஒப்புநோக்கிப் பதிப்பித்தோரையும் போற்றும் நாம், இத்தொகுப்புப் பணியின் அருமையை எளிதில் உணரலாம். பொறி அமைத்தோர் புகழ் பெற்ற அளவிற்குப் பட்டியல் காத்தோர் புகழ் பெறவில்லை என்பது என் கருத்து.

பட்டியல் முறைக்கு இடர் விளைவித்தது அதன் வெற்றியே. 1981 ஆகஸ்டில் 213ஆக இருந்த கணினிகளின் தொகை 1984 அக்டோபரில் 1,024 ஆயிற்று. 1987 இறுதியில் 28,174 ஆயிற்று. கணினிகள் பத்து மடங்கு பெருகினால் பட்டியலும் பத்து மடங்கு நீளும்; அதனைப் படியெடுப்போரும் பத்து மடங்கு பெருகுவர். ஆகவே படியெடுக்கும் சுமை நூறு மடங்காகும். ஓர் அலுவலகம் இதனைத் தாங்குமோ? தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் இருந்த ஜான் போஸ்டல், இதற்கெனப் பலர் தந்த திட்டங்களை ஒப்பிட்டு இணக்கம் காணுமாறு பால் மாக்கபெட்ரிஸ் என்பாரைப் பணித்தார். அவரோ அவற்றை ஒதுக்கிவிட்டுத் தாமே புதிய திட்டம் ஒன்றை வகுத்து 1983 நவம்பரில் வெளியிட்டார். (மாணாக்கர் சிலர் இப்படித்தான், வினாவையே மாற்றி விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றுவிடுவர்.)

அவர் கண்ட முறை இது. முழுப்பட்டியல் எவரிடத்தும் இல்லை. மூலப் பதிவகம், சிங்கப்பூர்ப் பெயர்களை யார் அறிவார், மலேசியப் பெயர்களை யார் அறிவார் என்பதை மட்டுமே சொல்லும். அந்நாட்டுப் பதிவகம் இன்ன நிறுவனத்தின் பெயர்களை இன்னார் அறிவார் என்று சொல்லும். அந்நிறுவனமே தன் கணினியின் எண்ணைச் சொல்லும். கேட்ட விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கலாம். எவ்வளவு காலம் என்பதையும் விடை சொல்பவரே குறித்தனுப்புவார். இன்று இணையத்தில் நாம் ஒரு பெயரைத் தட்டும்போதெல்லாம் நிகழ்வது இதுவே.

நிற்க. எண்ணை அறிந்த பின்னும் தேடல் முடிவதில்லை. இணைய எண் இடத்திற்கு ஏற்ப மாறுவது. ஒரே கட்டடத்தில் ஒரே கம்பியில் பிணைந்துள்ள கருவிகளோ, தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட 48 பிட் அளவுள்ள வேறோர் எண்ணால் ஒன்றையொன்று அறிகின்றன. (இக்காலக் கைப்பேசிகள் அவ்வெண்ணையும் அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன.) இவ்விரண்டையும் பொருத்துவது எங்ஙனம்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் இதற்கு வழி கண்டார். தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் பெரட்டுக்களத்தை மறந்திரார். கிராணியார் ஒரு பெயரைக் கூப்பிடுவார். அனைவர் செவியிலும் அது விழும். உரியவர் மட்டும் குரல் கொடுப்பார். பிளம்மரின் முறையும் அத்தகையதே. 'இந்த இணைய எண்ணுக்குரியவர் யார்?' என ஒரு கணினி எல்லார்க்கும் கேட்கும்படி வினவும். உரிய கருவி தன் எண்ணைச் சொல்லும். வினவிய கணினி அதனைக் குறித்துக்கொள்ளும்.

ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. பெரட்டில் நிற்போரின் முகம் கிராணியார்க்குத் தெரியும். கம்பியில் முகம் ஏது? பொய்யாக 'நான்தான்' என்று ஒரு கருவி குரல் கொடுத்தாலும் வினவிய கணினி அதனை நம்பும். ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவினர் தமக்கென அமைத்த முறைகளில் ஐயுறவுக்கு இடம் வைக்கவில்லை. 1989இல் ஸ்டீவன் பெல்லோவின் இணைய முறைகளில் உள்ள இத்தகைய குறைகளைத் தொகுத்து எழுதினார். 1998 ஜனவரி 28ஆம் நாள் நிகழ்ந்ததோ வேறு வகையானது. மூலப் பதிவகங்கள் எட்டினுக்குப் போஸ்டல் மின்னஞ்சல் விடுத்து, இனித் தம்மிடமிருந்தே பட்டியலைப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். எட்டும் அவ்வாறே செய்தன! அமெரிக்க அரசினர் தலையிட்ட பின்னரே பழைய நிலை மீண்டது. போஸ்டலிடம் வஞ்சம் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உலகின் முகவரிகள் ஒருவர் சொல்லால் இடம் மாறக்கூடும் என்பது அன்று வெளிப்பட்டது. 2008இல் டான் காமின்ஸ்கி, பெயர் வினவும் கணினிக்குப் பொய் விடையை எளிதில் புகுத்த முடியும் எனக் காட்டினார். 2010 ஜூலையில் மூலப் பதிவகத்தின் விடைகளுக்கு மறைகுறி முத்திரை இடப்பட்டது. அம்முத்திரையை ஏற்காத பெயர்கள் இன்றும் மிகப் பல.

தமிழர்க்கு உரிய செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. தொடக்க முறைகள் ஆங்கில எழுத்துகளையே எண்ணி வகுக்கப்பட்டவை. பிற எழுத்துகளில் பெயர் அமைக்கும் ஆராய்ச்சியில் 1998 அளவிலேயே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் ஒரு குழு ஈடுபட்டது. 2011இல் '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் முடிவு மூலப் பதிவகத்தில் ஏறியது. எனினும் அது தமிழெழுத்தாகவே பயணம் செய்வதில்லை. எக்ஸ், என் என்னும் இரண்டெழுத்தும் இரண்டு சிறு கோடுகளும் முன்னிற்க, ஆங்கில எழுத்துக் கோவையாக உருமாறியே பதிவகங்களைச் சென்றடைகிறது. திரையில் தோன்றுவது தமிழ். கம்பியில் செல்வது அன்று.

பெயின்லர் காத்த பட்டியலோ முற்றும் மறைந்துவிடவில்லை. நம் பள்ளிகளில் உள்ள கணினிகளைத் திறந்து பார்க்கும் ஆசிரியர்கள், 'ஹோஸ்ட்ஸ்' என்னும் அதே பெயரில் சில வரிகளே கொண்ட சிறு கோப்பு ஒன்றைக் காணலாம். பெயர் ஒன்றைத் தேடும்போது பெரும்பாலான கணினிகள் முதலில் அதனைப் பார்த்துவிட்டே வெளியே கேட்கச் செல்கின்றன.