பாம்பன் பாலமும் எஃகின் குணமும்

எஃகு என்பது ஒரு பொருளின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர். பாம்பன் பாலத்தைக் கண்டபோதுதான் நான் அதனை நன்கு உணர்ந்தேன்.

மண்டபத்தையும் இராமேசுவரத் தீவையும் இணைத்த பழைய பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். கப்பலுக்கு வழிவிடும் பகுதி, செர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறையில் அமைந்தது. இரு சிறகாகப் பிரிந்து எழும் அதனைத் தொழிலாளர் தம் கைவலிமையாலேயே திறந்தனர்.

இரும்பில் கலந்த கரியின் அளவே எஃகின் குணத்தைப் பெரிதும் வகுக்கிறது. நூற்றுக்கு 0.3 பங்குக்குக் குறைந்தால் அது மென்னெஃகு. வளையுமேயன்றி எளிதில் முறியாது. பால உத்திரங்களுக்கு ஏற்றது அதுவே. 0.6 பங்குக்கு மேற்பட்டால் மிக்க கடினம். உளியும் சுருள்வில்லும் கம்பிவடமும் ஆகும். இடைப்பட்டதே நடுத்தரக் கரி எஃகு. பாலத்தின்மீது ஓடும் வண்டியின் அச்சை எண்ணிப் பாருங்கள். சுமையால் சற்றே வளைந்தபடி அது சுழல்கிறது. ஆகவே அதன் மேற்பரப்பின் ஒவ்வோர் இடமும் ஒரு சுற்றுக்குள் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அமுங்குகிறது. மென்னெஃகு இதற்கு வலிமை போதாது. கரி மிகுந்ததோ விரிசல் கண்டு முறியக்கூடும். நடுத்தர எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் இறுகும். ஆனால் உடையும் இயல்பும் உடன் வரும். அதனை மட்டுப்படுத்த மீண்டும் மிதமாகச் சூடேற்றுவர். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் போடுவதும் இக்கலையே. பற்சக்கரமும், மோட்டார் எஞ்சினின் கிராங்க் தண்டும் இவ்வாறே உறுதி பெறுகின்றன.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வூரை நெருங்கிய பாசஞ்சர் வண்டியைப் பயணிகளோடு அலை விழுங்கிற்று. பாலத்தின் உத்திரங்களில் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. தூக்குப்பகுதி மட்டும் நிலைத்து நின்றது. இளம் பொறியாளரான ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்றார். மீனவர் துணையோடு மூழ்கிய உத்திரங்களைக் கண்டெடுத்து, தூண்கள்மீது மீண்டும் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கினர். அவை வார்ப்பிரும்பாக இருந்திருப்பின் சில்லுசில்லாகக் கிடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

புயலை வென்ற எஃகை உப்புக்காற்று விடவில்லை. கரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் துரு நீங்காது; அதற்குக் குரோமியம் வேண்டும், அதுவும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பெற்றது. அதன் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி, பிளவாமல் முழுவதுமாக 17 மீட்டர் உயர்கிறது; இப்போது வேலை செய்வது மின்விசை. கான்கிரீட்டுக்குள் துருவேறா எஃகுக் கம்பிகள் பதித்திருக்கிறார்கள். வெளிப்புற எஃகுக்குப் பாலிசிலாக்சேன் என்னும் தனிப்பூச்சு.