அஞ்சுதெங்கு: ஊர்ப்பெயரும் வரலாறும்

திருவனந்தபுரத்திற்கு வடமேற்கே ஏறத்தாழ 36 கி.மீ. தொலைவில், கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் அமைந்த சிற்றூர் அஞ்சுதெங்கு. வாமனபுரம் ஆறு ஆற்றிங்கல் நகரைக் கடந்து வந்து இப்பகுதிக் காயலில் கலக்கிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கேரளத்தில் தொடக்கத்தில் நிலைகொண்ட இடங்களுள் இதுவும் ஒன்று. ஆங்கில ஆவணங்களில் இவ்வூரின் பெயர் 'அஞ்செங்கோ' என்பதாகும். இவ்வூரின் வரலாற்றைத் தமிழில் எழுதும்போது எழும் இரு சொற்சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று ஊரின் பெயர்; மற்றொன்று அங்கு நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியின் பெயர்.

1. பெயரின் அமைப்பு

'ஐந்து தென்னைகள்' என்பதே இப்பெயருக்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். தமிழின் பேச்சு வழக்கிலுள்ள 'அஞ்சு' மலையாளத்தில் எழுத்து வழக்காகவும் உள்ளது. 'தெங்கு' தமிழில் செய்யுள் வழக்காக ஒதுங்கிவிட, மலையாளத்தில் 'தெங்ஙு' என அன்றாடச் சொல்லாக வாழ்கிறது. எண்ணும் மரமும் சேர்ந்து ஊர்ப்பெயராதல் தமிழகத்திலும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து நாலுமாவடி இதற்குச் சான்று. குமரி மாவட்டத்து அஞ்சுகிராமத்தில் இதே எண்ணுப்பெயர் இடம்பெறுகிறது.

ஆங்கில வடிவத்தில் இடையிலுள்ள 'உகரமும் தகரமும்' மறைந்துள்ளன. இறுதிக் குற்றியலுகரம் ஓகாரமாகியுள்ளது. இதனால் எண்ணுக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள சொல்லெல்லை அழிந்துவிட்டது. தமிழ் வாசகருக்குத் தானே விளங்கும் ஒரு பெயர், ஆங்கிலத்தின் வழியாகத் திரும்பி வரும்போது விளங்காப் பெயராகிவிடுகிறது.

2. கோட்டையும் 1721ஆம் ஆண்டும்

ஆற்றிங்கல் ராணியின் இசைவைப் பெற்று ஆங்கிலேயர் இங்குக் கோட்டை எழுப்பினர். அது 1695இல் நிறைவுற்றது. மிளகே வணிகத்தின் அடிப்படை. கம்பெனி அலுவலர் மிளகு வாணிகத்தில் செய்த முறைகேடுகளும், உள்ளூர் மக்களை இழிவாக நடத்திய போக்கும் பகையை வளர்த்தன. 1721 ஏப்ரலில் தலைமை அலுவலர் வில்லியம் கிஃபோர்டு, ராணிக்குரிய ஆண்டுப் பரிசில்களுடன் ஏறத்தாழ 140 பேரை அழைத்துக்கொண்டு ஆற்றிங்கல் சென்றார். அங்கு அக்குழு தாக்கப்பட்டு அழிக்கப்பட்டது. பின்னர்க் கோட்டையும் முற்றுகைக்கு உள்ளாயிற்று. தலைச்சேரியிலிருந்து உதவிப்படை வந்த பின்னரே, ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, முற்றுகை நீங்கியது.

ஆங்கில நூல்கள் இதனைப் 'படுகொலை' என்னும் பொருள்படக் குறிக்கின்றன. மலையாளத்தில் இது 'ஆற்றிங்கல் கலாபம்' எனப்படும். ஆனால் 'கலாபம்' என்றதும் தமிழ் இலக்கியம் பயின்றோர் நினைவில் மயில்தோகையே முந்தி நிற்கும். 'கலவரம்' என்றால் காரணமற்ற குழப்பம் என்ற தோற்றம் எழும். 'கலகம்' என்பது ஆள்வோர் நோக்கில் அமைந்த சொல். 1721இல் ஆங்கிலேயர் அந்நிலத்தின் ஆட்சியாளர் அல்லர்; ராணியின் இசைவால் தங்கியிருந்த வணிகரே. ஆகவே அச்சொல்லும் பொருந்தாது. 'கிளர்ச்சி' என்பதே நிகழ்ச்சியின் காரணங்களுக்கு இடந்தரும் சொல் எனலாம்.

3. எஞ்சியிருப்பவை

இராணுவ வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் 1728இலும், ஆங்கில நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்னின் அன்புக்குரியவராக அறியப்பட்ட எலிசா டிரேப்பர் 1744இலும் இவ்வூரில் பிறந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரெய்னால் எலிசாவின் பொருட்டு இவ்வூரை விளித்து எழுதியமையால் அஞ்செங்கோ ஐரோப்பிய இலக்கியத்திலும் இடம்பெற்றது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் 1873இல் பிறந்த காயிக்கரை இதன் அண்மையிலேயே உள்ளது.

பிற்காலத்தில் இவ்வூர் திருவிதாங்கூருக்கு நடுவே பிரித்தானிய இந்தியப் பகுதியாக நீடித்தது. சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தோடும் சிறிது காலம் சேர்ந்திருந்து, 1950இல் திருவிதாங்கூர்–கொச்சியுடன் இணைந்தது. இன்று கோட்டையின் மதில்களும், ஆங்கிலேயர் கல்லறைகளும், 1988இல் இயங்கத் தொடங்கிய கலங்கரை விளக்கமும் இவ்வூரின் அடையாளங்கள்.

4. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

ஆங்கில மூலத்தில் 'அஞ்செங்கோ' என வருமிடங்களில் தமிழில் 'அஞ்சுதெங்கு' என்றே எழுதுதல் தகும். ஒரு விலக்கு உண்டு. தென்னைநார்க் கயிற்று வணிகத்தில் ஒரு தரவகைக்கு 'அஞ்செங்கோ' என்பதே பெயர். அங்கு அது ஊரைக் குறிக்காமல் சரக்கைக் குறிப்பதால், அவ்வடிவத்தையே கொள்ளவேண்டும். தென்னையால் பெயர்பெற்ற ஊரின் சிதைந்த பெயர் தென்னையின் நாரிலேயே நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

1721ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, கம்பெனியின் கடிதத்தை மொழிபெயர்ப்பவர் அதன் சொல்லை மாற்றலாகாது. படுகொலை என்றால் படுகொலை என்றே தரவேண்டும். வரலாற்றைத் தம் சொல்லில் எழுதுபவரோ அச்சொல்லைக் கடன் வாங்கலாகாது. சொல்லோடு சேர்ந்து அதைச் சொன்னவரின் நோக்கும் நூலுக்குள் நுழைந்துவிடும்.