மயக்க ஊசிக்கு முன்னாடி ஒரு கேள்வி

1970-களின் தொடக்கத்துல அமெரிக்காவுல மார்புல கட்டின்னு போனா, பெரும்பாலும் மயக்கம் கொடுத்து, கட்டியைச் சோதிச்சு, புற்றுநோய்னா எழுப்பாமலே மார்பை அகற்றிடுவாங்க. கண் முழிச்சாதான் அந்தப் பெண்ணுக்கே தெரியும்.

1974-ல் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் இதை மறுத்தார். முதல்ல பயாப்சி மட்டும், சிகிச்சையை அப்புறம் முடிவு பண்ணலாம்னு கேட்டார். ஒத்துக்கிற சர்ஜன் கிடைக்கிறதே கஷ்டமா இருந்தது.

1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு, சோதனையும் அறுவையும் தனித்தனியா நடக்கணும்னு பரிந்துரைச்சது. அந்தக் குழுவில் ரோஸும் இருந்தார்.

1985-ல் பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு வெளியானது. ஆரம்பநிலையில் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுத்தவங்களும் மார்பை முழுசா எடுத்தவங்க அளவுக்கே பிழைச்சிருந்தாங்க.

டாக்டர்கிட்ட "வேற வழி இருக்கா?"ன்னு இன்னிக்கு நாம கேட்கிறோமே, அதுக்கு ரெண்டு விஷயம் தேவைப்பட்டது: யோசிக்க சில நாள், ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான எண்கள்.