ஓர் ஏக்கரில் 24 கிணறுகள்

ஓர் இளநீரில் பத்துக் குழல்களைச் செருகிப் பத்துப் பேர் உறிஞ்சினால் இளநீர் பெருகிவிடுமா? விரைவில் தீரும், அவ்வளவே. இந்த எளிய உண்மையை அறிய எண்ணெய்த் தொழில் பெருவிலை கொடுக்க நேர்ந்தது.

1930 அக்டோபரில், அமெரிக்காவின் கிழக்கு டெக்சாசில் ஜாய்னர் என்பவர் துளைத்த கிணற்றில் எண்ணெய் பொங்கியது. ஏறத்தாழ 3,500 அடி ஆழத்தில், 70 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருந்த ஒரே மணற்பாறைத் தேக்கம் அது. ஆனால் மேலேயிருந்த நிலம் பலருக்குச் சொந்தம். எவருடைய கிணற்றின் வழியே வெளிவருகிறதோ அவருக்கே எண்ணெய் உரியது என்பது அந்நாட்டுச் சட்டம். எனவே, பக்கத்து நிலத்தார் எடுக்குமுன் நாம் எடுத்துவிட வேண்டும் என்ற போட்டி மூண்டது. கிணறுகளுக்கிடையே 300 அடி இடைவெளி தேவை என்று 1919இலேயே விதி இருந்தது. விதிவிலக்குகளோ தாராளமாகக் கிடைத்தன. கில்கோர் நகரில் சுமார் ஓர் ஏக்கரில் மட்டும் 24 கிணறுகள்!

1931இல் அன்றாட உற்பத்தி ஏறத்தாழ 9 லட்சம் பீப்பாய்களை எட்டியது. ஒரு டாலர் அளவில் இருந்த பீப்பாய் விலை, 10 சென்ட்டுக்கும் இறங்கியது. ஆகஸ்டில் ஆளுநர் படையை அனுப்பிக் கிணறுகளை மூடச் செய்தார். படையை ஏவியது முறையன்று என 1932இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விலை வீழ்ச்சியைவிடப் பெரிய ஆபத்து மண்ணுக்கடியில் இருந்தது. அப்பாறையில் எண்ணெயை மேலே தள்ளுவது, மேற்குப் புறத்திலுள்ள உவர்நீரின் அழுத்தமே. அளவோடு எடுத்தால் எண்ணெய் விட்ட இடத்தை நீர் நிரப்பி, மீதியை முன்னே தள்ளும். அவசரமாக எடுத்தால் நீர் ஈடுகொடுக்க முடியாது, அழுத்தம் குறையும். மிகவும் குறைந்தால் எண்ணெயில் கரைந்துள்ள வாயு பிரிந்துவிடும்; எண்ணெய் கெட்டிப்பட்டுப் பாறைத் துளைகளிலேயே தங்கிவிடும். பிறகு எத்தனை கிணறுகள் துளைத்தும் என்ன பயன்?

அழுத்தத்தை அளந்த பொறியாளர்கள் இதை எடுத்துக்காட்டினர். கிணறுதோறும் உற்பத்தி வரம்பு நடைமுறைக்கு வந்தது. 1938 முதல், எண்ணெயோடு வந்த உவர்நீரை மீண்டும் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினர். அழுத்தம் காக்கப்பட்டது. அந்த வயல் இதுவரை 500 கோடிப் பீப்பாய்களுக்கு மேல் தந்துள்ளது.

இன்று புதிய வயலில் முதலில் சில ஆய்வுக் கிணறுகளையே துளைக்கிறார்கள். பாறையின் கனம், துளைமை, அழுத்தம் ஆகியவற்றை அளந்த பின்னரே எங்கே, எத்தனை கிணறுகள் என்று திட்டமிடுகிறார்கள். மேலே எல்லைக் கற்கள் எத்தனை இருந்தாலும், கீழே தேக்கம் ஒன்றுதான் அல்லவா?