பத்து வயசுக்கு எந்த மாயம்?

போன வாரம் எளாவூரிலிருந்து ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை. பொண்ணுக்குப் பத்து வயசு. வீட்ல தெலுங்கு, பள்ளிக்கூடத்துல தமிழ். “மாயாஜாலம் இருக்கணும், மனசைத் தொடணும், ராத்திரி தூங்கவும் விடணும். அவ வயசுக்கு என்ன நாவல்ங்க வாங்குறது?” இதுதான் கேள்வி.

எளாவூர் தெரியாதவங்களுக்கு: சூளூர்பேட்டை லோக்கல்ல கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். ரோட்டு வழியா போனா, ஆந்திர எல்லைக்கு முன்னாடி அந்தப் பெரிய சோதனைச்சாவடி வருமே, அந்த ஊர். இந்தக் கேள்வி அங்கிருந்து வந்தது எனக்கு ரொம்பப் பொருத்தமாப் பட்டது. ஏன்னா தமிழ்க் குழந்தைகளுக்கு மாயக்கதையை மாசா மாசம் கொண்டுவந்து கொடுத்த பத்திரிகையே தெலுங்கும் தமிழுமாச் சேர்ந்து பிறந்ததுதான்.

1947 ஜூலை. சுதந்திரத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் கொண்டுவந்தார்கள். பத்து வருஷம் கழித்து ‘மாயாபஜார்’ படம் எடுத்த அதே கூட்டணி. மாயம் அவங்களுக்குக் குடும்பத் தொழில் மாதிரின்னு சொல்லலாம்! பிறகு பல இந்திய மொழிகளில் வந்தது. பெரும்பாலும் ஒரே கதை, ஒரே படம், எழுத்து மட்டும் வேறு. எல்லையோரத்து ஊர்களில் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையனும் இந்த வீட்டுத் தமிழ்ப் பொண்ணும் ஒரே வேதாளத்துக்குப் பயந்திருக்க முடியும்.

அந்த வேதாளத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஓவியர் சங்கர் பல பத்தாண்டுகள் வரைந்த படம் அது. இருட்டில் ஒரு ராஜா, கையில் வாள், தோளில் பிணம். அந்தப் பிணம் கதை சொல்லி, கடைசியில் ஒரு தர்மசங்கடமான கேள்வி கேட்கும். இன்னைக்கு ஒரு பதிப்பகத்தில் போய் “எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு, தோளில் பிணம்”னு சொன்னா எழுந்து வாசலைக் காட்டுவாங்க. ஆனால் அன்று வீடுகளில் அது ஓடியது. காரணம், நான் நினைக்கிறது இதுதான்: அந்தப் பத்திரிகையைக் குழந்தை மட்டும் தனியாகப் படிக்கவில்லை. அக்காவோ தாத்தாவோ வாசிக்க, மத்தவங்க சுத்தி உட்கார்ந்து கேட்டாங்க. முகம் வாடினால் வாசிக்கிறவர் ஒரு பத்தியைத் தாண்டிடுவார். வயசுக்கேத்த வடிகட்டி, வாசிக்கிற குரலில்தான் இருந்தது.

ஆனா ஒரு குறையும் சொல்லணும். அந்தக் கதைகளில் ராஜகுமாரன் உண்டு, வியாபாரி உண்டு, ராட்சசன் உண்டு. நைட் ஷிஃப்ட் போன அம்மாவுக்காகக் காத்திருக்கிற ஒரு பத்து வயசுப் பொண்ணைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். மாயம் நிறைய, குழந்தையோட மனசு கம்மி.

அந்தப் பக்கத்திலிருந்து வேலை செய்தவர்களும் இருந்தார்கள். வங்கி வேலைக்கு நடுவில் பாட்டெழுதிய அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். ‘நீலா மாலா’ என்று சிறுவர் நாவலும் எழுதினார். ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ பத்திரிகைகளில் வாண்டுமாமா ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டார். அப்புறம் டிவி வந்தது, பத்திரிகைகள் மெலிந்தன. 2010களில் அம்புலிமாமாவும் நின்றுபோனது.

மாயமும் மனசும் ஒரே புத்தகத்தில் சேர்ந்தது சமீபத்தில்தான் என்பேன். சாகித்ய அகாடமி 2010இலிருந்து பால சாகித்ய புரஸ்கார் கொடுக்குது. 2020இல் தமிழுக்கு வாங்கியது எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. கொலுவில் நிற்கிற அதே மரப்பாச்சி, இதில் ஒரு சிறுமியோடு பேசுகிறது. பேசுவது எதைப் பற்றி? பெரியவர்கள் செய்யும் தவறான தொடுதலைப் பற்றி. அம்மாவிடமும் டீச்சரிடமும் சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்தை ஒரு பொம்மையிடம் சொல்லலாம் இல்லையா? அங்கே மாயம் வேடிக்கைக்கு இல்லை, வாய் திறக்க ஒரு வழி.

2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடிப் பானையோட்டில் கீறியிருக்கும் ‘ஆதன்’ என்ற பெயரை எடுத்து, இன்றைய பையன் ஒருவனைப் பழங்காலத்துக்குக் கூட்டிப்போகிறது. 2025இல் விருது விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கு.

சரி, வயசு? இங்கதான் எளாவூர் விஷயம் முக்கியம். வீட்டில் தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுகிற பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கும் பகுதி அது. பத்து வயசு மனசு இருக்கும், தமிழ் எழுத்தில் ஏழு வயசு வேகம் இருக்கும். “8 – 12” என்று அட்டையில் போட்டால் இதில் எந்த வயசைச் சொல்றாங்க? தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கியபோது, சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்தது. வகுப்பைப் பார்க்கவில்லை, வாசிக்கும் திறனைப் பார்த்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ‘நுழை’யில் நிற்கிற பத்து வயசுக்காரிக்குக் காக்கா கதை மட்டும் கொடுத்தா, “நான் என்ன பாப்பாவா?”ன்னு கேட்பா.

அதனால அந்தம்மாவுக்கு என் பதில்: ரெண்டு வாங்குங்க. ‘ஆதனின் பொம்மை’யை அவ கையிலேயே கொடுத்துடுங்க, தடுமாறினா தடுமாறட்டும். மரப்பாச்சியை முதல்ல நீங்க தனியாப் படிங்க. அப்புறம் லீவு நாள்ல அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க, நடுவுல தெலுங்குல விளக்கிக்கிட்டே. எங்கேயாவது அவ சட்டுனு அமைதியாயிட்டா, புத்தகத்தை மூடிட்டு அவ பேசுற வரைக்கும் பக்கத்துலயே இருங்க.