லீவை காஃபின் இல்லம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், வெய்ன் மாவட்டத்து ஃபவுன்டன் சிட்டியில் உள்ள மாடி வீடு. எட்டு அறைகள் கொண்ட இச்செங்கல் கட்டடம் 1839-இல் கட்டப்பட்டது. தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்கள் கனடாவை நோக்கிப் போகும் வழியில் இங்கே தங்கினர். ஊருக்கு அப்போது நியூபோர்ட் என்று பெயர்.

லீவை காஃபினும் (1798–1877) மனைவி கேத்தரீனும் வட கரோலினாவைச் சேர்ந்த குவேக்கர் சமயத்தவர். 1826-இல் நியூபோர்ட்டில் குடியேறிக் கடை வைத்தனர். பின்னர் ஆளிவிதை எண்ணெய் ஆலையும் நடத்தினர். தப்பி வந்தவர்களுக்கு அதுவரை இடம் கொடுத்து வந்தவர்கள் அப்பகுதியின் சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்கள். இந்த முன்கதை பலர் சொல்லும்போது விடுபட்டுப் போகிறது.

‘நிலத்தடி ரயில்பாதை’ எனப்பட்ட ஏற்பாட்டில் சுரங்கமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. இரவோடு இரவாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஆட்களைச் சேர்ப்பதே அதன் வேலை. சின்சினாட்டி, மேடிசன், ஜெஃபர்சன்வில் ஆகிய ஊர்களிலிருந்து வந்த மூன்று வழிகள் காஃபின் வீட்டில் கூடின. இந்தியானாவில் அடிமைமுறைக்கு இடமில்லை. ஆனாலும் தப்பியவரை ஒளித்துவைத்தால் 500 டாலர் அபராதம் என்றது 1793-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம்.

வீட்டின் சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது. கிணறு முற்றத்தில் இல்லை, நிலவறைக்குள் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை வாளித் தண்ணீர் எதற்கு என்று தெருவில் போகிறவர் யோசிக்க வழியில்லை. மாடியில் கூரைச் சரிவை ஒட்டி ஒடுங்கிய அறை ஒன்று; குனிந்து நுழையும் சிறு கதவு. கதவை மறைத்துக் கட்டிலை நகர்த்திப் போட்டால், அங்கே அறை இருப்பதே தெரியாது.

இங்கு தங்கியோர் 2,000 பேர் என்று சொல்வது வழக்கம். இது காஃபின் தம் நியூபோர்ட் வாழ்க்கை முழுவதற்கும், ஆண்டுக்கு நூறு பேருக்குமேல் என்று போட்ட கணக்கிலிருந்து வந்தது. இந்த வீட்டில் அவர் இருந்ததோ எட்டே ஆண்டுகள்; எனவே அத்தனை பேரையும் இதன் கணக்கில் எழுதுவது சரியல்ல. 1847-இல் அவர் சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்து, அடிமை உழைப்பு கலவாத பொருள்களை மட்டும் விற்கும் மொத்த வணிகக் கடை நடத்தினார். புகலிடப் பணி அங்கும் நிற்கவில்லை.

வீடு பின்னாளில் தங்கும் விடுதியானது. 1966-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு மாநில அரசு அதை விலைக்கு வாங்கியது. 1970 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. நிலவறைக் கிணற்றை இன்றும் பார்க்கலாம்.